இடது முன்சக்கரம்

“அறுபத்தெட்டு சென்டிமீட்டர்,” என்று சொல்லி அளவுநாடாவைச் சுருட்டவிட்டார் கொழுந்தன். “பெட்டி போயிடும் அண்ணி. பெட்டியைத் தூக்குறவங்கதான் போக முடியாது.”

வாசற்படியில் நின்றிருந்த அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர். நடுவில், நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல், இடது முன்சக்கரம் கழற்றப்பட்ட பழைய பச்சை நிறக் கார். வாசலுக்கும் கேட்டுக்கும் இருந்த ஒரே வழியை அது அடைத்துக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் அதை ஒட்டி ஒதுங்கித்தான் நடந்தார்கள். இன்றைக்கு ஒதுங்கிப் போக முடியாதவர் ஒருவர் உள்ளே கூடத்தில் படுத்திருந்தார்.

“நேத்து பெட்டியை எப்படி உள்ள கொண்டுவந்தாங்க?” என்று கேட்டாள்.

“காலிப் பெட்டிதானே, செங்குத்தா நிமிர்த்திப் பிடிச்சுக் கொண்டுவந்துட்டாங்க.”

“இன்னைக்கும் அப்படியே நிமிர்த்தி...”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தன் மீசையைக் கடித்துக்கொண்டு கேட் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. பின்னால் நின்ற மகள், “அம்மா! சித்தப்பா! உள்ள ஆளுங்க இருக்காங்க,” என்று அதட்டிவிட்டு, அவளும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மணி எட்டு. சவ ஊர்தி பதினொன்றுக்கு வரும். பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் லாரிக்காரனுக்கு மகள் போன் செய்தாள். அவன் மூன்று மணிக்குத்தான் வர முடியும் என்றான். சக்கரத்தை மாட்டித் தெருவுக்குத் தள்ளிவிடலாம் என்றார் பக்கத்துவீட்டுக்காரர். வீடு இருந்தது மேட்டின் உச்சியில். கேட்டைத் தாண்டினால் சாலை சரிந்து இறங்கி, பஸ் போகும் நாற்சந்தியில் போய் முட்டும். காரில் பிரேக் இல்லை. ஹேண்ட்பிரேக்கின் கம்பியையும் அவள் கணவர் தளர்த்தி வைத்திருந்தார், அது அடுத்த வாரத்து வேலையாம்.

“பிரேக் இல்லாம தள்ளிவிட்டா, இன்னும் நாலு பெட்டிக்குச் சொல்ல வேண்டியதுதான்,” என்றார் கொழுந்தன்.

“அப்போ வேலையை முடிச்சிடுவோம்,” என்றாள் அவள்.

அவள் சொன்ன விதம், அடுப்பில் வைத்ததை இறக்கிவிடுவோம் என்பதுபோல் இருந்தது. கொழுந்தனும் மகளும் அவளைப் பார்த்தார்கள்.

செத்துப்போனவர் வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பெரிய கட்டடங்களின் லிஃப்டுகளுக்குக் கம்பியும் பிரேக்கும் பார்த்துப் பார்த்து, உலகத்தையே அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். ஓடாத வண்டியை மன்னிப்பார், நிற்காத வண்டியை மன்னிக்கமாட்டார். ஆளும் அப்படித்தான், நிதானம். பச்சைக் காரில் அவர் போகும்போது சைக்கிள்காரர்கள் முந்திப்போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். மனைவி, ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக முப்பது வருடம் இருந்தவள். அதனால் அவளை வீட்டில் “எக்ஸ்சேஞ்ச்” என்றே கூப்பிடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனபோது அவள்தான் முதலில் சொன்னாள்: “பிரேக் போட்டா கார் இடது பக்கமா ஒதுங்குதுங்க. காலை எடுத்த பிறகும் எதையோ பிடிச்சுக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு.”

அவர் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய், “கொதிக்குதே! எக்ஸ்சேஞ்ச், உட்கார்ந்த இடத்துலேயே எப்படிடீ கண்டுபிடிச்ச?” என்று அப்படிச் சந்தோஷப்பட்டார். பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வயதானால் உள்ளே ஊதிப்போகுமாம். மிதிக்கிற வேகத்தில் எண்ணெய் போய்விடும், திரும்பி வராது. “ஒண்ணு போனா மத்ததும் அதே வயசுதானே,” என்று நான்கு ஹோஸுக்கும் சொல்லி அனுப்பினார். வந்து சேர ஆறு வாரமானது. மூன்றை நேற்று மதியத்துக்குள் மாற்றிவிட்டார்.

நான்காவதை மாட்டி, இன்னும் இறுக்காமல், கூப்பிட்டார். மூன்றரை மணி இருக்கும்.

“எக்ஸ்சேஞ்ச்! லைன்ல இருக்கியா? வந்து ஸ்டியரிங்கைத் திருப்பு!”

“அஞ்சு நிமிஷம்!” என்றாள்.

மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரைக்கு நீலமா சாம்பலா என்ற பேச்சு. ஐந்து நிமிடம் இருபத்தைந்தானது. போய்ப் பார்த்தபோது கழற்றிவைத்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். தூங்கிவிட்டாரென்றுதான் நினைத்தாள். அவர் அப்படித் தூங்குகிறவர்தான்.

இதையெல்லாம் நேற்றிலிருந்து யாரிடமும் அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கொழுந்தனுக்குத் தொழில் பல்செட் செய்வது. கை நுணுக்கமான கை. ஆனால் அது நெல்லிக்காய் அளவு வேலைக்குப் பழகிய கை. மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த அண்ணனின் நீல நிற வேலை அங்கியைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் நெடுநெடுவென்றிருப்பார், தம்பி குள்ளம். அங்கியின் கால் இரண்டும் தரையைக் கூட்டின.

“எனக்கு எல்லாம் தெரியும் அண்ணி. மாட்டித்தானே இருக்கு, இறுக்கினாப் போதும்,” என்று கீழே உட்கார்ந்து ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். இரண்டு முனையையும் இறுக்கினார். முகத்தில் வேர்வையோடு, “அவ்வளவுதான்!” என்று எழுந்தார்.

“ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கணுமே,” என்றாள் அவள்.

“எதுக்கு?”

எதற்கென்று அவளுக்கும் தெரியாது. அந்த வேலையை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கீழேயிருந்து வரும் குரலுக்குக் காலையும் கையையும் அசைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருடம் காதால் சம்பாதித்தவள். எந்த வேலைக்குப் பின் எந்தச் சத்தம் வரும், எந்தச் சத்தத்துக்குப் பின் அவர் விசிலடிப்பார், எதற்குத் திட்டுவார் என்பதெல்லாம் வரிசையாக மனதில் இருந்தது.

“முதல்ல இடது முழுசா திருப்பச் சொல்வார். அப்புறம் வலது முழுசா. அப்புறம் ‘ம்’ம்பார். அதுக்கப்புறம்தான் கடைசியா இறுக்குற சத்தம் கேட்கும்.”

மகளை சீட்டில் உட்காரவைத்துத் திருப்பச் சொல்லிவிட்டு, புடவையை முழங்காலுக்கு அடியில் மடித்துக்கொண்டு அவள் தரையில் மண்டியிட்டாள். அறுபத்தோரு வயதில் காரின் அடிவயிற்றை முதல்முறையாகப் பார்த்தாள். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இரும்புத் தட்டும், அதைக் கவ்வும் இரும்புக் கையும், அங்கிருந்து வளைந்து மேலே போகும் கருப்பு ரப்பர் குழாயும். அதன் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. நேராக ஓடவேண்டிய கோடு, கம்பத்தைச் சுற்றிய கொடிபோல் ஒன்றரைச் சுற்றுச் சுற்றியிருந்தது.

மகள் இடதுபுறம் முழுக்கத் திருப்பினாள். முறுகிய குழாய் வெளியே வீங்கி வந்தது. சக்கரம் இருந்திருந்தால் உரசியிருக்கும்.

“இதுக்குத்தானா!” என்றாள் சத்தமாக.

“எதுக்கும்மா?” என்று மேலேயிருந்து மகள்.

“இருபத்தெட்டு வருஷமா உங்கப்பா இடது, வலதுன்னு என்னை ஆட்டிவெச்சது. ஹோஸ் உரசுதான்னு பார்த்திருக்காருடீ. நான் அவருக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சேன்.”

“நீ கேட்டிருக்கலாமே.”

“கேட்டா ஒரு மணி நேரம் விளக்குவார்.”

மகள் சிரித்தாள். அது உண்மை என்பது இருவருக்கும் தெரியும்.

கொழுந்தன் தலையைச் சொறிந்தார். நட்டைத் திருகும்போது ஹோஸின் முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காததால் ஹோஸும் சேர்ந்து சுற்றிவிட்டது. கழற்றினார்கள். கழற்றியதும் இரண்டு செம்பு வாஷர்கள் கையில் விழுந்தன, நசுங்கி. அவற்றையே திரும்பப் போடப்போனவரின் கையை அவள் பிடித்தாள்.

“வேண்டாம் தம்பி. ஒரு தடவை நசுங்கினது அவ்வளவுதான், கசியும்பார். எப்பவும் ரெண்டு ஜோடி வாங்குவார்.”

“இன்னொரு ஜோடி எங்க?”

கருவிப்பெட்டியில் இல்லை. ஹோஸ் வந்த அட்டைப்பெட்டியிலும் இல்லை. அவள் உள்ளே போனாள். கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். எண்ணெய்க் கையோடு வந்த அவளைப் பார்த்து அவருடைய பெரிய அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். நேற்று அவரைக் கொண்டுபோயிருந்த மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய பை அலமாரிக்குள் இருந்தது. அதில் அவருடைய நேற்றைய சட்டை. மேல்பாக்கெட்டில் கைவிட்டாள். காகிதத்தில் பொதிந்த இரண்டு வாஷர். கூடவே மூன்று சாக்லேட் உறை, பிரிக்காத நான்காவது சாக்லேட் ஒன்று.

சர்க்கரை வியாதிக்காரர். இனிப்பைத் தொட்டே நான்கு வருடமாயிற்று என்று டாக்டரிடம் சத்தியம் செய்திருந்தவர்.

பெட்டியருகே போய்க் குனிந்து, “ஹோஸுக்கு ஒண்ணா? அப்போ நாலாவது அப்படியே இருக்கே,” என்றாள் மெதுவாக. வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக, பிடிபடாத திருடன் முகத்தோடு அவர் படுத்திருந்தார். அவள் அந்தச் சாக்லேட்டைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

மகள் படிக்கட்டில் உட்கார்ந்து, கழற்றிப்போட்ட பழைய ஹோஸை ஒற்றைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மருந்தாளுநர். “அம்மா, வெளியே பார்த்தா ஒண்ணுமே தெரியலை. உள்ள ஒரு பொட்டு வெளிச்சம் வரலை. டாக்டர் நேத்து அப்பாவோட இதயக் குழாயைப் பத்திச் சொன்னதும் இதேதான்.”

“ஆமா. காருக்கு ஆறு வாரத்துல ஹோஸ் வரவழைச்சார். தனக்கு ஒண்ணு வரவழைக்கத் தெரியலை.”

மகள் ஹோஸைக் கீழே வைத்தாள். பிறகு, “அம்மா... நேத்து போன்ல, நான்தான் திரும்பத் திரும்ப அந்தத் திரையைப் பத்தியே...” என்று ஆரம்பித்தாள்.

“அந்தத் துணியைக் குடு.”

மகள் கொடுத்தாள். அவள் கையைத் துடைத்தாள், விரல் விரலாக. துடைத்து முடித்த கையால் மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். எண்ணெய் முழுக்கப் போகவில்லை. நெற்றியில் ஒரு கருப்புத் தீற்றல் விழுந்தது. அதை அவள் சொல்லவில்லை.

“சாம்பலே வாங்கிடு,” என்றாள். “நீலம் வெளுத்துடும்.”

இரண்டாம் முறை ஹோஸ் ஒழுங்காக உட்கார்ந்தது. அவள் ஒரு ஸ்பேனரால் முனையைப் பிடித்துக்கொள்ள, கொழுந்தன் மற்றதால் இறுக்கினார். வெள்ளைக் கோடு நேராக ஓடியது. இடது முழுக்க, வலது முழுக்கத் திருப்பிப் பார்த்தார்கள். எங்கும் உரசவில்லை. “ம்,” என்றாள் அவள், தன்னையறியாமல்.

இனி எண்ணெய். இறுக்காமல் கிடந்த ஹோஸின் வழியே ராத்திரி முழுக்கச் சொட்டி, எண்ணெய்க் கிண்ணம் காய்ந்திருந்தது. குழாய் முழுக்கக் காற்று. புது டப்பாவை உடைத்து ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்திலிருக்கும் சிறிய நிப்பிளைத் திறந்து மூட, ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும்.

“நான் உட்கார்றேன்மா. நீ கொஞ்ச நேரம் உள்ள போய் அப்பாகூட இரு,” என்றாள் மகள்.

“நீ இறங்கு. அது என் இடம்.”

கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட் அவருடைய உயரத்துக்கு இருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டாள். பெடலில் காலை வைத்ததும் அது எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போயிற்று. கொழுந்தன் பின்பக்கம் காருக்கடியில் ஊர்ந்து போனார். தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“மிதி!” என்றது குரல் கீழேயிருந்து.

அண்ணனும் தம்பியும் முகத்தில் ஒன்றாக இல்லை, உயரத்தில் ஒன்றாக இல்லை. குரல் மட்டும் ஒரே அச்சு. கொழுந்தன் போன் செய்தால் முப்பது வருடம் போன் வேலை பார்த்த அவளுக்கே ஒரு நொடி தடுமாறும். இப்போது ஆளையும் காணோம், வெறும் குரல். காரின் அடியிலிருந்து, எப்போதும் வரும் அதே இடத்திலிருந்து.

அவள் கால் அசையவில்லை.

மகள் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி, அம்மாவைப் பார்க்காமல், டப்பாவின் மேலிருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி? மிதிங்க அண்ணி. இங்க ஒரு எறும்பு என் காதுக்குள்ள போயிட்டிருக்கு.”

“மிதிச்சுட்டேன்,” என்றாள். மிதித்தாள்.

“பிடிங்க!”

“பிடிச்சிருக்கேன்.”

நிப்பிள் திறந்தது. கால் சரிந்து உள்ளே போயிற்று.

“விடுங்க.”

“மூடிட்டீங்களா? மூடினேன்னு சொன்னாத்தான் விடுவேன். இல்லைன்னா திரும்பக் காத்து உள்ள போயிடும்.”

“மூடிட்டேன் தாயே!”

அப்படியே போயிற்று. மிதி, பிடி, மூடு, விடு. மகள் கிண்ணம் குறையக் குறைய எண்ணெய் ஊற்றினாள். ஒரு சொட்டு பச்சைப் பெயிண்டில் விழுந்தபோது, “தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து, பெயிண்டைத் தின்னுடும்!” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். சவுக்காரத் தண்ணீர் வாளியோடு பக்கத்துவீட்டுக்காரர் ஓடிவந்தார். அவர் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தால், துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய அக்காவும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

மூன்றாவது சக்கரம் முடியும்போது சவ ஊர்தி வந்து கேட்டருகே நின்றது. கருப்புக் கோட்டுப் போட்ட தடித்த ஓட்டுநர் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிலைமையைப் பார்த்தார்.

“இதோ முடிஞ்சிடுங்க,” என்றாள் மகள் பதறி.

“மெதுவா பாருங்கம்மா. என் வண்டியில வர்றவங்க யாரும் இதுவரைக்கும் அவசரப்பட்டதில்லை.” பிறகு காரை ஒருமுறை சுற்றி வந்தார். “எண்பத்தொண்ணாம் வருஷ வண்டியா? எங்க அப்பா ஒண்ணு வெச்சிருந்தார்.” கோட்டைக் கழற்றிக் கேட்டில் மாட்டிவிட்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.

கடைசிச் சக்கரத்தில் முதலில் நுரையாகத் துப்பியது. பிறகு பெரிய குமிழிகள், பிறகு சின்னவை. பதினோராவது மிதியில் அவள் காலுக்கடியில் ஏதோ மாறியது. சதசதவென்று இருந்த பெடல் பாதி வழியிலேயே நின்று, அவள் காலைத் தாங்கியது. கீழேயிருந்து யாரும் சொல்வதற்கு முன்பே, “வந்துடுச்சு,” என்றாள்.

“இன்னும் ரெண்டு தடவை பார்த்துடலாமா?”

“வேண்டாம். வந்துடுச்சு.”

முழு பலத்தோடு மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் டார்ச் வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. ஓட்டுநர் சக்கர நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினார். ஜாக்கியில் காரைத் தூக்கி ஸ்டாண்டுகளை எடுத்து, ஒவ்வொரு மூலையாக இறக்கினார்கள். காதுவரை கருத்துப்போயிருந்த கொழுந்தன் ஊர்ந்து வெளியே வந்து எழுந்தார். யாரோ கைதட்டிவிட்டார்கள். தட்டியவர் உடனே கையை ஒளித்துக்கொண்டார். ஆனால் பெரிய அக்காவும் தட்டினாள். “அவன் இருந்தா அவனும் தட்டியிருப்பான்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அண்ணி, இறங்குங்க. நான் கீழே கொண்டுபோய் நிறுத்துறேன்,” என்றார் கொழுந்தன்.

“நீங்க முகத்தைக் கழுவுங்க தம்பி. அண்ணனைத் தூக்கணும்.”

அவளே சாவியைத் திருப்பினாள். கார் இரண்டுமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவளிடம் லைசென்ஸ் இருந்தது. அவர் இருக்கும்போது ஓட்ட வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். கேட்டைத் தாண்டி, சரிவில் அரைச்சக்கரம் உருளவிட்டு மிதித்தாள். நின்றது. இன்னும் கொஞ்சம் உருளவிட்டாள். நின்றது. இடது பக்கம் ஒதுங்கவில்லை. தெருவோரமாக நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஆறுபேர் தாராளமாக நடந்து வந்தார்கள். முன்னால் இடது பக்கம் கொழுந்தன். உயரம் போதாமல் பெட்டி அந்த மூலையில் மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தது. காதோரத்துக் கருப்பு போகவில்லை.

அவளும் மகளும் ஊர்தியின் பின்னால் பச்சைக் காரில் போனார்கள். மகளின் நெற்றியில் அந்தத் தீற்றல் அப்படியே இருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டவள், அழிக்காமல் விட்டுவிட்டாள். சரிவில் இறங்கி நாற்சந்தியை நெருங்கும்போது ஊர்தி பச்சை விளக்கில் கடந்துபோனது. பின்னாலேயே போயிருக்கலாம். மஞ்சள் விழுந்தது. அவள் மிதித்தாள். கார் கோட்டுக்கு முன்னால், இடது பக்கம் ஒரு சாண் கூட ஒதுங்காமல் நேராக நின்றது.

“அம்மா, போயிட்டாங்களே.”

“வழி தெரியும்.”

நடைபாதையிலிருந்து ஒரு டீச்சர் கையில் பிடித்த கயிற்றோடு இறங்கினாள். கயிற்றைப் பற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகள், மழைக்கோட்டும் தொப்பியுமாக, வரிசையாகக் கடந்தார்கள். கடைசியாக வந்த பெண் குழந்தையின் செருப்பு நடுச்சாலையில் கழன்றுகொண்டது. கயிற்றை விட்டுவிட்டு, காருக்கு நேர் முன்னால் குந்தி உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வாரை மாட்டத் தொடங்கியது. விளக்கு பச்சையாயிற்று. பின்னால் ஒரு ஹாரன் அடித்தது, இன்னொன்றும் அடித்தது. குழந்தை அவசரப்படவில்லை. அவளும் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.